இடது பக்கத் தவில்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதம். திருநெல்வேலி டவுனில் தேருக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்த நேரம். மேலப்பாளையத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை ஒன்றில், நாலு பேர் பார்க்க நின்று நான் போட்ட சண்டையை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

கொக்கிரகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். நாற்பத்தெட்டு வயது. அலுவலகத்தில் என்னிடம் யாரும் வாதாட வருவதில்லை. நான் ஒன்றைச் சரி என்று சொல்லிவிட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்று அவர்களும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

நாதஸ்வரமும் தவிலும் என்றால் எனக்கு உயிர். கோயில் கச்சேரிப் பதிவுகளைத் தேடித்தேடிச் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றைக் கேட்பதற்கென்றே ஓர் இயர்போன் வாங்கினேன். கடை வாசலில் கொத்தாகத் தொங்கும் ரகம் இல்லை. காதுக்குள் பொருந்தி உட்காரும்படி வளைத்துச் செய்தது. ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் குட்டிகுட்டியாக ஐந்து ஒலிபெருக்கிகள் உண்டு. விலையைக் கேட்ட என் வீட்டுக்காரர், காதுக்குத் தோடு வாங்கியிருந்தால் அவசரத்துக்கு அடகாவது வைக்கலாமே என்றார். இன்றுவரை அந்தக் கேலியை அவர் விடவில்லை.

ஆனால் அதை மாட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். நாதஸ்வரக்காரர் அடுத்த பிடிக்கு முன்னால் மூச்சை இழுப்பது கேட்கும். யாரோ ஒருவர் இருமுவதும், தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போவதும் கேட்கும். என்னிடம் உள்ள ஒரு பதிவில் நாதஸ்வரம் வலது காதிலும் தவில் இடது காதிலும் வரும். தவிலின் இடந்தலையில் குச்சி விழும்போது தோல் அதிர்ந்து அடங்குவதுகூடத் துல்லியமாகத் தெரியும். அலுவலகத்தில் நாள் முழுக்கக் கோப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து அதை அரை மணி நேரம் கேட்டால் போதும், புது ஆள் ஆகிவிடுவேன்.

அதைப் பராமரிப்பதிலும் நான் ரொம்பக் கறார். கேட்டு முடித்ததும் மெல்லிய துணியால் துடைப்பேன். அழுக்கு உள்ளே விழாமல் இருக்க அதன் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு சின்ன பிரஷ்ஷால் தட்டுவேன். முனையில் இருக்கும் பொடி வலையை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுவேன். வயரை இறுக்கிச் சுற்றாமல் தளரச் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வைப்பேன். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. பச்சைப் பிள்ளையாக இருந்த என்னைக்கூட அம்மா இப்படிக் குளிப்பாட்டியதில்லை என்று என் மகள் சிரிப்பாள்.

அந்த ஆனி மாதத் தொடக்கத்தில் இடது பக்கத்தில் வயர் செருகும் இடம் ஆட்டம் கண்டது. மேலப்பாளையத்தில் ஒருவர் இதெல்லாம் நன்றாகப் பார்ப்பார் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வளைகுடாவில் எட்டு வருடம் ஒலிக்கருவிகள் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்து கடை போட்டிருந்தார். என் கண் முன்னாலேயே மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, பையப் பைய மூடியைத் திறந்து, பற்றவைத்துக் கொடுத்தார். அன்றைக்கு நன்றாகவே கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குறுக்குத்துறையில் ஆற்றில் குளித்தோம். மேலே மலையில் சாரல் நன்றாக இருந்ததால் ஆற்றில் தண்ணீர் நிறையவே போனது. நானும் ஆசை தீர முங்கி முங்கிக் குளித்தேன். மறுநாள் காலையில் எழுந்தபோது இடது காது அடைத்த மாதிரி இருந்தது. ஆற்றுத் தண்ணீர் போயிருக்கும், தானாக வந்துவிடும் என்று விட்டுவிட்டேன். ஸ்கூட்டரில் அலுவலகத்துக்குக் கொண்டுபோய் விட்ட என் வீட்டுக்காரர், இறங்கும்போது, ரெண்டு தடவை கேட்டும் பதிலே சொல்லவில்லையே என்றார். ஹெல்மெட்டுக்குள் முனகினால் யாருக்குக் கேட்கும் என்று நானும் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் இயர்போனை மாட்டினால், இடது பக்கத் தவிலைக் காணோம். அடுத்த தெருவில் யாரோ வாசிப்பதைப் போல ஒட்டியும் ஒட்டாமலும் கேட்டது. போதாததற்கு ‘ங்ங்’ என்று ஓர் இரைச்சல். மூடியைத் திறந்து பற்றவைத்தாரே, சூடு தாங்காமல் உள்ளே ஏதோ கருகிவிட்டது என்று எனக்கு அந்த நிமிடமே தீர்ப்பாகிவிட்டது.

சும்மா பழி போடக் கூடாது என்று இரண்டு நாள் எல்லாச் சோதனையும் செய்தேன். வலையை மாற்றினேன். ரப்பர் மூடிகளை மாற்றினேன். பழைய வயரைப் போட்டேன், மகளின் செல்போனில் போட்டேன். எதிலும் இடது பக்கம் எழும்பவில்லை. செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். இடது காதுக்கானதை வலது காதில் வைத்துப் பார்க்கவில்லை. வளைவு மாறியிருப்பதால் அது உட்காராது; செருப்பைக் கால் மாற்றிப் போடுகிற மாதிரிதான். ஒழுங்காகப் பராமரிக்கிறவர்கள் யாரும் அப்படி வைக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மேலப்பாளையத்துக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் பேச வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

கடையில் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். உடைந்த செல்போன் கண்ணாடியை மாற்ற வந்திருந்த ஒரு பீடி சுற்றும் அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் யாரையும் பார்க்கவில்லை. இவர் கை பட்ட பிறகுதான் என் பொருள் கெட்டது, தெரியாத வேலையை ஏன் தொட வேண்டும், வெளிநாட்டில் வேலை பார்த்தேன் என்று சொல்லி ஊரை ஏமாற்றுகிறாரா என்று குரலை உயர்த்தியே கேட்டேன். ஏமாற்று என்ற வார்த்தையை அன்றைக்கு எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அவர் கையை நீட்டினார். இயர்போனை வாங்கித் துடைத்தார். ஒரு சின்னக் குழாயின் மறுமுனையில் மைக் வைத்து, அதில் ஒவ்வொரு பக்கமாகச் செருகி, கம்ப்யூட்டரில் இரண்டு கோடுகளை வரவழைத்தார். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் பாடுகிறது என்றார். உங்கள் மிஷினுக்குக் காது இருக்கிறதா, இரண்டு வருடமாகக் கேட்கிற எனக்குத் தெரியாதா என்று அதற்கும் பாய்ந்தேன்.

அவர் அதை என் செல்போனில் மாட்டிக் கொடுத்து, “இடது பக்கத்த வலது காதுல வச்சுப் பாருங்கக்கா. உக்காராது. கையால பிடிச்சுக்கிடுங்க” என்றார்.

அவர் வாயை அடைப்பதற்காகத்தான் வைத்தேன். தவில் கணீரென்று விழுந்தது. குச்சி, தோல், அதிர்வு எல்லாம் அப்படியே இருந்தன. பிறகு வலது பக்கத்தை எடுத்து என் இடது காதில் பிடித்தேன். நாதஸ்வரம் பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து வருவதைப் போலத் தேய்ந்து கேட்டது. மாற்றி மாற்றி நாலு தடவை வைத்துப் பார்த்தேன். இயர்போனில் ஒரு குறையும் இல்லை. அவர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அப்போதும் நான் இறங்கி வரவில்லை. ஆற்றுத் தண்ணீர் அடைத்திருக்கிறது, பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி இயர்போனை வாங்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்காமல், எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, காதில் எதுவும் மாட்டாதபோதும் இரைச்சல் கேட்கிறதா என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தேன். இயர்போன் அவர் கையில் இருக்கிறது, என் காதில் ‘ங்ங்’ ஓடிக்கொண்டேயிருக்கிறது. ஃபேன் சத்தம் என்றேன். அவர் எழுந்து ஃபேனை அணைத்தார். இரைச்சல் நிற்கவில்லை.

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். சனிக்கிழமை வரை பார்த்துவிட்டு டாக்டரிடம் போய்க்கொள்கிறேன், என் பொருளைக் கொடுங்கள் என்றேன்.

“அங்கன வெளிநாட்டுல எங்கூட ரூம்ல இருந்த பையனுக்கு இதே மாதிரிதான் திடீர்னு அடைச்சுது. ஒரு மாசம் சொட்டு மருந்து விட்டுக்கிட்டே இருந்தான். அந்தக் காது போனது போனதுதான், திரும்பவே இல்ல. தண்ணி போயிருக்கும், சும்மா இருன்னு அவன்ட்ட சொன்னவன் நான்தான்க்கா” என்றார்.

சொல்லிவிட்டு இயர்போனைப் பெட்டியில் வைத்து, மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். “இன்னைக்கே போய் காது டாக்டரப் பாருங்க. சீட்டக் கொண்டாந்து காட்டுனா இதத் தாரேன். இல்லைன்னா தர மாட்டேன்.”

போலீசுக்குப் போவேன் என்றேன். டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதையாகப் பத்து நிமிடம் நின்றோம். கடைசியில் அந்தப் பீடி சுற்றும் அம்மாதான் எழுந்து வந்து என் கையைப் பிடித்து, காரணம் இல்லாமல் இந்தப் பிள்ளை இப்படிச் செய்யாது, ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள் என்று ஆட்டோ வரை கூட்டிவந்து ஏற்றிவிட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், பாளையங்கோட்டையில் காது டாக்டரைப் பார்க்க நான் வைத்தியத்துக்காகப் போகவில்லை. ஒன்றும் இல்லை என்று எழுதி வாங்கி, அந்தச் சீட்டை அவர் மேஜையில் வீசத்தான் போனேன்.

டாக்டரம்மா இரண்டாகப் பிரிந்த ஓர் இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். சத்தம் வலது பக்கம் மட்டும் கேட்டது. பிறகு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வலது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். இடது காதுக்கு வந்தபோது வெகுநேரம் எதுவுமே வரவில்லை. மிஷினை இன்னும் போடவில்லையோ என்று வெளியே மிஷினை இயக்கிக்கொண்டிருந்த பெண்ணைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் அப்போதே ஆறாவது சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த அறைக்குள்தான் நான் முதல்முறையாக அழுதேன்.

தண்ணீரும் இல்லை, அழுக்கும் இல்லை, காது நரம்பு திடீரென்று செயல் இழந்திருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். ஏன் வருகிறது என்று பல சமயம் கண்டுபிடிக்க முடியாதாம். “நாலாவது நாளே வந்துட்டீங்க. நல்லது. ஒரு மாசம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா என் கையில ஒண்ணும் இருந்திருக்காது” என்றார். அப்போதுகூட முழுசாகத் திரும்பும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். இத்தனை நாள் வீண் வாதத்துக்குச் செலவழித்த பிடிவாதத்தை இனி இந்தக் காதுக்குச் செலவழிப்பது என்று. ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவில்லை. உப்பைக் குறைத்தேன். வாரம் ஒரு தடவை செவிப்பறை வழியாக ஊசி. தலை சுற்றி வாந்தி வரும். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கிக்கொண்டுதான் கிளம்புவேன். வெடிச்சத்தம் ஆகாது என்றதால் அந்த வருடம் தேர் பார்க்கவும் போகவில்லை. ரத வீதியில் வீட்டை வைத்துக்கொண்டு, எல்லா ஜன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவது வாரம் ஆற்றுப்பாலத்தில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தபோது, சாயங்காலம் பால் வாங்க வேண்டுமா என்று வீட்டுக்காரர் இடது பக்கம் லேசாகத் திரும்பிக் கேட்டார். ஒரு பாக்கெட் போதும் என்றேன். அவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். இடது காதிலா கேட்டது என்று திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

கடைக்காரர், நான் டாக்டரைப் பார்த்ததற்கு மறுநாள் மத்தியானமே போன் செய்து, போனீர்களா என்று மட்டும் கேட்டிருந்தார். விவரத்தைச் சொன்னேன். இன்ஷா அல்லாஹ் சரியாகிவிடும் என்றார். டாக்டர் அனுமதிக்கும்வரை இயர்போன் தன்னிடமே இருக்கட்டும், உங்களிடம் இருந்தால் ஒளித்து வைத்தாவது கேட்பீர்கள் என்றும் சொன்னார். நான் மறுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் குறைந்த சத்தத்தில் கேட்கலாம் என்றார். சாயங்காலம் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போனேன். அவர் டிராயரைத் திறக்கப் போனார். நான் தடுத்துவிட்டு, அங்கே இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னேன்.

“ரெண்டு மாசத்துக்கு முன்னால இதே எடத்துல நின்னு, இவரு என் பொருளக் கெடுத்துட்டாரு, ஏமாத்துக்காரருன்னு சத்தம் போட்டேன். கெட்டுப்போயிருந்தது என் காது. அதக் கண்டுபிடிச்சு என்னை டாக்டர்ட்ட வெரட்டுனது இவருதான். எல்லாரு முன்னாலயும் பேசுனேன், எல்லாரு முன்னாலயும் மன்னிப்புக் கேக்கேன்.”

யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. அவர் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டு, விடுங்கக்கா, விடுங்கக்கா என்று பெட்டியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே புதுச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்திருந்தார். அங்கேயே மாட்டிக் கேட்டேன். தவில் அதன் இடத்துக்கு வந்திருந்தது. குச்சியடியின் கூர்மை மட்டும் குறைவு. மிக மேல் ஸ்தாயியில் உள்ள ஒலிகள் எனக்குத் திரும்பவில்லை, இனி திரும்பவும் போவதில்லை. அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

“கேக்காததக் கேக்கணும்னு சத்தத்தக் கூட்டிராதீங்க. இருக்கதும் போயிரும்” என்றார்.

இப்போதும் நான் சீக்கிரம் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. ஆனால் அந்த ஒரு நாள், சொந்தமும் இல்லாத பழக்கமும் இல்லாத ஒருவர் அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு என் பொருளை என்னிடமே தர மாட்டேன் என்று நின்றாரே, அவருடைய பிடிவாதத்திடம் என் பிடிவாதம் தோற்றதுதான் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம்.