முதல் வரிசைக்கு முன்னால்

என் அப்பாவும் சின்னம்மாவும் ஒரே குசினியில் ஒரே சட்டிக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை கதைக்காமல் இருந்த காலம் ஒன்று உண்டு. சண்டை காணிக்காக வந்ததில்லை, சீதனத்துக்காக வந்ததுமில்லை. ஒரு இசை நிகழ்ச்சியின் முதல் வரிசைக் கதிரைகளால் வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு பேரில் யார் பக்கம் நிற்பது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. நான் சின்னம்மாவின் ஆள்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. கலியாணம் கட்டாமல் எங்களோடுதான் இருந்தார். ஊர்காவற்றுறை வீதியில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். போனுக்கு ரீலோட் போடுவது, படிவம் நிரப்பிக் கொடுப்பது, வெளிநாட்டில் இருப்பவர்களோடு வீடியோவில் கதைக்கப் பண்ணிவிடுவது எல்லாம் அங்கே நடக்கும். நடக்காத ஒன்று போட்டோ கொப்பி. அடையாள அட்டையின் கொப்பி இல்லாமல் எங்கள் நாட்டில் ஒரு அலுவலும் ஓடாது. அந்த ஒற்றைத் தாளுக்காக எங்கள் தீவுச் சனம் பஸ் ஏறி யாழ்ப்பாணத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தது. பட்டணத்துக் கடையொன்றில் ஏற்கெனவே பாவித்த மெசின் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு, அதற்காகவே சின்னம்மா காசு சேர்த்துக்கொண்டிருந்தார். மெசின் வந்ததும் பச்சைப் பொத்தானை முதலில் அமத்துவது நான்தான் என்று எனக்கு வாக்கும் கொடுத்திருந்தார். அதனால் அந்த மெசினில் எனக்கும் பாதி உரிமை உண்டு என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கடலுக்குப் போகிறவர். ஊர் விளையாட்டுக் கழகத்தின் பொருளாளரும் அவர்தான். அந்த வருடம் ஆவணியில், கோயில் பெருநாளுக்காக வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து நிறைந்திருந்த நேரத்தில், மைதானத்துக்கு மதில் கட்டக் காசு சேர்ப்பதென்று கழகம் முடிவெடுத்தது. மண்கும்பான் கடற்கரையில் இசை நிகழ்ச்சி. இந்தியாவிலிருந்து தொலைக்காட்சியில் பாடிய ஒரு பாடகர் வருகிறார். ரிக்கெற் இரண்டு வகை. நம்பர் போட்ட கதிரை ஒன்று, மணலில் இருந்து பார்க்கும் ‘தரை’ மற்றது. தீவில் ரிக்கெற் விற்கும் பொறுப்பு சின்னம்மாவின் கடைக்கு வந்தது.

கட்டுக் கட்டாக ரிக்கெற் வந்த அன்று காலையிலேயே சின்னம்மா தன் சேமிப்பை எடுத்து முதல் வரிசை முழுவதையும் தானே வாங்கிவிட்டார். காசைக் கழகத்துக்குக் கட்டிப் பற்றுச்சீட்டும் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு தொடங்கிய வியாபாரத்தைப் பார்த்து நான் மலைத்துப்போய் இருந்தேன்.

கோயிலுக்குப் பின்னால் மாடி வீடு கட்டியிருந்த ஒருவர் ஒரு பின்னேரம் கடைக்கு வந்தார். எங்கள் ஊரில் பிறந்தவர்தான் என்றாலும் எல்லோருக்கும் அவர் கனடாக்காரர்.

“தங்கச்சி, முதல் வரிசை இருக்கோ?”

“முடிஞ்சுது அண்ணை. ஒரு ஆளிட்ட இருக்கெண்டு கேள்வி. ஒருக்காக் கேட்டுப் பாக்கிறன்.”

சின்னம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கெஞ்சினார், கோபித்தார், சிரித்தார், “அவை எங்கட ஆக்கள், குறைச்சுத் தாரும்” என்று எனக்குப் பெருமையாக இருக்கும்படி பேரம் பேசினார். பிறகு திரும்பி வந்து, அந்த ஆள் தருகிறாராம், ஆனால் விலை மும்மடங்கு சொல்கிறார் என்று மெத்தக் கவலையோடு சொன்னார். கனடாக்காரர் வாங்கிக்கொண்டு போனார். சின்னம்மா கையில் வைத்திருந்தது பழுதாய்ப் போன ஒரு பழைய போன். அதன் பற்றரி மேசையில் என் கைக்குப் பக்கத்தில் கிடந்தது. இப்படி ஒரு மூளை எங்கள் வீட்டில் இருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அன்றிரவு நெருப்புப் பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டு நானும் பழகிப் பார்த்தேன். முதல் வரிசை முழுவதும் அந்தப் போனாலேயே வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு விற்று முடிந்தது.

கதை அப்பாவின் காதுக்குப் போகாமல் இருக்குமா? சாப்பாட்டு நேரத்தில் அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“கழகம் உம்மை நம்பித்தானே ரிக்கெற்றைத் தந்தது?”

“ஓம் அத்தான். நானும் காசை அண்டைக்கே கட்டிப்போட்டன். கழகத்துக்கு ஒரு சதம் குறையேல்லை.”

“கழகத்துக்குக் குறையேல்லை. ஊருக்குக் குறைஞ்சு போச்சு.”

சின்னம்மா சும்மா விடுகிற ஆளில்லை. “போன கிழமை சோளகக் காத்துத் தூக்கி எறிஞ்ச நாளில நீங்கள் விளைமீனோட கரைக்கு வந்தனீங்கள். அதை என்ன விலைக்கு வித்தனீங்கள்? வழமையான விலைக்கோ?”

“அது கடல். போய்ப் பிடிக்க ஆருக்கும் தடையில்லை.”

“ரிக்கெற்றும் கடையிலதான் கிடந்தது. வந்து வாங்க ஆருக்கும் தடையில்லை.”

நான் கை தட்டாத குறை. அம்மா கறி அகப்பையைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். அப்பா தண்ணீரைக் குடித்து முடித்தார்.

“காத்து நாளில நான் விலை கூட்டி விக்கிறனான்தான்,” என்றார். “ஆனால் காத்தை நான் வீசப் பண்ணேல்லை.”

சின்னம்மா பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போய்க் கை கழுவினார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் இடையில் கதை நின்றுவிட்டது. சின்னம்மா முன்னால் நிற்கும்போதே அப்பா, “இஞ்சரும், உம்மட தங்கச்சியிட்டக் கேளும், வாசல் படலையைச் சாத்தினவவோ எண்டு” என்பார். “சாத்திப்போட்டன் எண்டு அத்தானிட்டச் சொல்லு அக்கா” என்று பதில் வரும். அம்மா இரண்டையும் திருப்பிச் சொல்லமாட்டார். இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்பை ஊதுவார். எனக்கு அது நல்ல விளையாட்டாகத் தெரிந்தது. அம்மா அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

நிகழ்ச்சி நாளும் வந்தது. மேடையும் கதிரையும் போட வந்தவர்கள் பட்டணத்துக்காரர். மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில், கதிரைக்காரருக்கு வடிவாகத் தெரியட்டும் என்று மணலை அகலமாக வெறுமனே விட்டிருந்தார்கள். தரை ரிக்கெற்காரருக்கான இடத்தை எல்லாக் கதிரைகளுக்கும் பின்னால் ஒதுக்கியிருந்தார்கள். அதை எங்கள் சனத்துக்குச் சொல்லவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் சனத்துக்குக் கேட்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. கோயில் முற்றத்தில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த ஊர் அது. கூத்தென்றால் பாய்க்காரருக்கு மேடையடி, கதிரைக்காரருக்குப் பின்பக்கம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வாசல் திறந்ததும் பாயும் சாக்குமாகச் சனம் நேரே மேடையடிக்குப் போயிற்று. ‘எங்களுக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறாங்கள்’ என்று கழகத்தைப் புகழ்ந்துகொண்டே பாயை விரித்தார்கள். கீழே இருக்க முடியாத கிழவிகளுக்கு வீட்டுக் கதிரைகளும் வந்தன. ஒரு குடும்பம் உயர்ந்த முதுகு வைத்த சாய்மனைக் கதிரை ஒன்றை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்து மேடைக்கு நேரே இறக்கியது. வாசலில் ரிக்கெற் கிழித்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு இது ஒன்றும் தெரியாது.

நம்பர்க் கதிரை இருக்கிறதுதானே என்று முதல் வரிசைக்காரர் ஆறுதலாகப் பிந்தி வந்தார்கள். பட்டுச் சேலையும் வாசனையுமாக வந்தவர்கள் தங்கள் இடத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். முதல் வரிசைக்கு முன்னால் ஊரே இருந்தது. முதலாம் நம்பர்க் கதிரையிலிருந்து பார்த்தால் சாய்மனையின் முதுகுதான் தெரிந்தது.

“தங்கச்சி, இதுதானோ முன்வரிசை?” என்று கனடாக்காரர், என்னோடு அங்கே நின்ற சின்னம்மாவைக் கேட்டார்.

சனம் திரும்பிப் பார்த்தது. யாரோ ஒரு பெடியன், “மூண்டு மடங்குக் காசுக்கு முதுகு பாக்கினம்” என்றான். சிரிப்பு எழுந்தது. செய்தி போய் அப்பா வாசலிலிருந்து வந்துவிட்டார். இப்போது சின்னம்மாவை எல்லோருக்கும் முன்னால் ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அப்பா ஏசவில்லை. கனடாக்காரரிடம், “அண்ணை, உங்கட நம்பர், உங்கட கதிரை. கழகம் வித்தது அதைத்தான். பிழை எங்கட. அவவால ஒண்டும் செய்ய ஏலாது” என்றார்.

சின்னம்மா அதைப் பிடித்துக்கொண்டு தப்பியிருக்கலாம். நியாயமும் அவர் பக்கம் கொஞ்சம் இருந்தது. ஆனால் அவர் தோளில் கிடந்த பையைக் கழற்றினார். மறுநாள் காலை மெசின் எடுக்கப் போவதற்காகக் காசு முழுவதும் அதற்குள்தான் இருந்தது. எனக்குத் தெரியும், அதைச் சுருட்டி வைக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன்.

“கதிரைக் காசு கழகத்துக்குப் போயிட்டுது அண்ணை. மிச்சத்தை நான் முன்னுக்கு எண்டு சொல்லித்தான் எடுத்தனான். இது முன்னுக்கு இல்லை. பிடியுங்கோ.” காசை நீட்டியபடியே சொன்னார்: “அண்டைக்குப் போனில ஆரும் இருக்கேல்லை. நான்தான் சும்மா கதைச்சனான்.”

கனடாக்காரர் அவரைப் பார்த்தார். “அது எனக்கு அண்டைக்கே தெரியும் தங்கச்சி. பற்றரி மேசையில கிடந்தது. வைச்சிரும்.”

“இல்லை. பிடியுங்கோ.”

யாரும் கேட்கவில்லை, வற்புறுத்தவில்லை. சின்னம்மா வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய், ஒவ்வொரு குடும்பத்துக்கும் மேலதிகமாக எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தார். தலையை நிமிர்த்திக்கொண்டுதான் போனார். எனக்கோ ஆத்திரம் தாங்க முடியவில்லை. என் பச்சைப் பொத்தான் நோட்டு நோட்டாகப் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்கு அந்தக் காட்சியை நினைத்தால், அப்படி நிமிர்ந்து நடந்த இன்னொருவரை என் வாழ்க்கையில் நான் அதிகம் பார்த்ததில்லை என்றே சொல்வேன்.

பிறகு நடந்ததை யாரும் ஒழுங்கு பண்ணவில்லை. பாயில் இருந்த ஒரு மனுசி கனடாக்காரரின் பெண்சாதியைப் பார்த்து, “இஞ்ச வாடி, என்னோட படிச்சனீயெல்லே” என்று கையைப் பிடித்து இழுத்தார். பட்டுச் சேலை மணலில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் முதல் வரிசையின் பாதி பாய்களுக்கு இறங்கிவிட்டது. காலியான கதிரைகளில் சின்னம்மாவும் நானும் இருந்தோம். பாட்டுத் தொடங்கியது. தீவிலேயே விலை கூடிய கதிரையில் இருந்துகொண்டு, ஒரு பாடகரையும் காணாமல், சாய்மனையின் முதுகைப் பார்த்தபடி சின்னம்மா காலால் தாளம் போட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன்.

வீட்டில் பிறகும் கதை இல்லை. படலை சாத்தியாயிற்றா என்பது அம்மா மூலமாகவே கேட்கப்பட்டது.

அந்தக் கிழமை சோளகம் மறுபடி எழும்பியது. கனத்த காற்று. அநேக வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. போய் வந்த சிலரில் அப்பாவும் ஒருவர். கொண்டு வந்தது கொஞ்ச விளைமீன். கனடாக்காரர் மறுநாள் பயணம், வீட்டில் கடைசிச் சாப்பாடு, அதனால் மீன் தேடிக் கரைக்கு வந்திருந்தார். நானும் நின்றேன். கடை பூட்டிவிட்டு வந்த சின்னம்மாவும் தள்ளி நின்றார்.

கனடாக்காரர் விலை கேட்டார். அப்பா வழமையான நாளின் விலையைச் சொன்னார். அப்பாவுக்கு மறதி பிடித்துவிட்டது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். சின்னம்மா ஒரே எட்டில் முன்னால் வந்தார்.

“இது என்ன விலை அத்தான்? கரையில வேற மீன் இல்லை. கூட வைச்சு வில்லுங்கோ.”

“இதுதான் விலை.”

“காத்துக்குள்ள போனது நீங்கள். உயிரைக் குடுத்துப் போனதுக்கு ஒரு விலையும் இல்லையோ?”

“போனது என்ர தொழில். வாங்கிற ஆள் என்ன செய்யும்?”

“ஏலாது. அண்ணை, நீங்கள் இவர் சொல்லுறதைக் கேளாதேங்கோ. கூடத்தான் தரவேணும்.”

“இஞ்சரும், மீன் உம்மடையோ என்ரையோ?”

மீனை இரண்டு கையிலும் பிடித்தபடி கனடாக்காரர் இவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். விலையைக் கூட்டச் சொல்லிச் சின்னம்மாவும், கூட்டமாட்டேன் என்று அப்பாவும் குரல் உயர்த்திக்கொண்டே போனார்கள். நான் பயந்துபோய் வீட்டுக்கு ஓடினேன். அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“அம்மா, அப்பாவும் சின்னம்மாவும் கரையில பெரிய சண்டை.”

அம்மாவின் கை நின்றது. “ஆர், கொப்பரும் சின்னம்மாவுமோ? நேருக்கு நேர கதைச்சவையோ?”

“கதைக்கேல்லை அம்மா. சண்டைதான் பிடிக்கினம்.”

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். எழும்பிப் போய் இன்னொரு தேங்காய் எடுத்து வந்து உடைத்தார். கரையில் இப்படி ஒரு சண்டை நடக்கும்போது வீட்டில் எதற்கு இன்னொரு தேங்காய் என்று எனக்கு விளங்கவே இல்லை.