குடிக்காத பஞ்சம்மாளின் ஈரல்

சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைக் கொத்து வெட்டப் போகும் பெண்களுக்குப் பஞ்சம்மாள்தான் தலைவி. ஐம்பத்து மூன்று வயது. காப்பியைத் தவிர வேறொன்றைக் குடித்தறியாதவர். அவருக்கும் சேர்த்துக் கணவர் கருத்தக்கண்ணன் குடித்துவந்தார். முப்பது வருடமாக, மழை வெயில் பாகுபாடு பார்க்காமல்.

மகள் முனீஸ்வரிக்குத் தேனியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அப்பாவின் ஈரலை ஸ்கேன் எடுத்து, அது கெட்டுப்போயிருக்கும் படத்தை அவரிடமே காட்டிப் பயமுறுத்துவது என்று திட்டம் போட்டாள். ஸ்கேன் சென்டரில் அந்த மாதம் தம்பதியர் சலுகை: கணவருக்கு எடுத்தால் மனைவிக்கு இலவசம். இலவசத்தை விட மனமில்லாமல் பஞ்சம்மாளும் படுத்தார்.

கருத்தக்கண்ணனுக்கு ஈரலில் லேசாகக் கொழுப்பு, அவ்வளவுதான். பஞ்சம்மாளுக்கு வலது பக்கம் சாத்துக்குடி அளவுக்கு ஒரு கட்டி.

“எத்தன வருசமாம்மா குடிக்கிறீங்க?” என்றார் டாக்டர்.

பஞ்சம்மாளுக்குக் கட்டி வலிக்கவில்லை, கேள்வி வலித்தது. “ரிப்போர்ட்டு மாறிப்போச்சுய்யா. நல்லாப் பாருங்க.”

மறுபடி எடுத்தார்கள். மாறவில்லை.

ஊர் உடனே விசாரணையில் இறங்கியது. திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவள், வீட்டிலேயே ஒயின் போட்டிருப்பாள் என்றது டீக்கடை. “புருசன் குடிச்சது பொண்டாட்டிக்கு எறங்கிருச்சு” என்றாள் எதிர்வீட்டு ஜக்கம்மா. கருத்தக்கண்ணனோ தன் ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் காட்டினார். ‘குடியை நிறுத்தவும்’ என்ற கடைசி வரியை மட்டும் உள்ளே மடித்திருந்தார்.

ரத்தப் பரிசோதனையில் புற்றுநோய்க்கான அறிகுறி ஏதும் இல்லை. “ஈரலும் சுருங்கல, ரத்தமும் நார்மல். சும்மா ரத்தக்குழாய் முடிச்சாத்தான் இருக்கும். ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம்” என்றார் உள்ளூர் டாக்டர். அந்தச் சந்தோஷத்தைக் கருத்தக்கண்ணன் தனக்குத் தெரிந்த வழியில் கொண்டாடினார்.

முனீஸ்வரிக்கு மனசு ஆறவில்லை. அம்மாவை மதுரைக்குக் கூட்டிப்போனாள். அப்பாவும் கூடவே போனார். அங்கே ஈரல் டாக்டரம்மா மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்.

“ஈரல் சுருங்கிப் போனவங்களுக்கு இந்தப் படமே போதும், புற்றுன்னு சொல்லிடலாம். உங்க ஈரல் நல்லா இருக்கு. நல்ல ஈரல்ல வேற கட்டிகளும் இதே மாதிரி தெரியும். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாத்தாத்தான் உறுதி. ரத்தம் நார்மல்னு சும்மா இருந்துற முடியாது.”

கருத்தக்கண்ணனுக்குத் தாங்கவில்லை. “கெட்ட ஈரலுக்குப் படம் போதும், நல்ல ஈரலுக்கு ஊசியா? என்ன நியாயம் டாக்டரம்மா இது?”

“நியாயம் இல்லைங்க. ஆனா அப்படித்தான்.”

குத்தினால் பரவிவிடும் என்று ஊரே போனில் தடுத்தது. அந்த ஆபத்து ரொம்பக் குறைவு என்றார் டாக்டரம்மா. பஞ்சம்மாள் மகளிடம் சொன்னார்: “என்னன்னு தெரியாம பயப்படுறதுக்கு, தெரிஞ்சே பயந்துக்கிறேன். குத்தச் சொல்லுத்தா.”

புற்றுதான்.

ஆஸ்பத்திரியில் அவர் அழவில்லை. திரும்பி வரும்போது, பஸ் உசிலம்பட்டியைத் தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பி விம்மினார். கருத்தக்கண்ணன் துண்டை நீட்டினார். “எனக்கு வர வேண்டியதுடி.”

“வாய மூடுங்க. உங்களுக்கு வந்திருந்தா யாரு பாக்குறது?”

ஈரலில் பாதியை வெட்டி எடுத்தார்கள். மிச்சம் நன்றாக இருந்ததால்தான் அவ்வளவு பெரிதாக வெட்ட முடிந்தது என்றார் டாக்டரம்மா. இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. மூன்று மாதத்துக்கொரு ஸ்கேன், இதுவரை சுத்தம். கருத்தக்கண்ணன் குடியைக் குறைத்திருப்பதாக அவரே சொல்லிக்கொள்கிறார்.

போன மாதம் கம்பத்தில் ஈரல் விழிப்புணர்வு விழா. பஞ்சம்மாளை மேடையில் உட்கார வைத்தார்கள். பின்னால் பேனரில் சிவப்புப் பெருக்கல் குறி போட்ட பெரிய பாட்டில். கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள்: ‘மதுவால் நான் இழந்தவை.’

பஞ்சம்மாள் தாளை மடித்து வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். “நான் ஒரு சொட்டுக் குடிச்சதில்ல. எனக்கும் வந்துச்சு. குடிக்காதவுகளும் கட்டின்னு சொன்னாகன்னா சும்மா விட்றாதீக, ஊசி போட்டாவது...”

விழாத் தலைவர் பாய்ந்து வந்து நன்றி சொன்னார். பொன்னாடை போர்த்தினார்கள். தேசிய கீதத்துக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

பொன்னாடை நல்ல பளபளப்பு. தோட்டத்தில் கிளி விரட்டக் கட்டியிருக்கிறார்.