லாரிக் கதவில் இருந்த எண்

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, வியட்நாம் பக்கம் இந்தோசீனா போய் வந்தவர். நான் கல்லூரியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அவர் ஒரு ராணுவ லாரியில் சாய்ந்து சிரிக்கும் படம் ஒன்று புதுச்சேரிப் பக்கத்துப் பாகூர் வீட்டில் இருந்தது. லாரிக் கதவில் வெள்ளை எழுத்தில் ஓர் எண். அதன் கீழே மான் தலைச் சின்னம்.

பணி ஓய்வுக்குப் பிறகு, அப்பா எந்தப் பிரிவில் இருந்தார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது. பழைய போர்ப் படங்களில் உள்ள வண்டிகளை அவற்றின் குறிகளை வைத்து அடையாளம் காணும் இணையக் குழு ஒன்றில் படத்தைப் போட்டேன். மறுநாளே ஒரு வெளிநாட்டுக்காரர் பிரிவின் பெயரைச் சொல்லி, 'இதே வண்டி இன்னொரு படத்திலும் இருக்கிறது' என்று அதையும் அனுப்பியிருந்தார்.

அதே எண், அதே மான் தலை. லாரிக்குப் பின்னால் ஒரு கூரை வீடு எரிந்துகொண்டிருந்தது. முன்னால் ஆறு பேர், கைகள் பின்னால் கட்டப்பட்டு, தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் கயிற்றோடு நின்ற சிப்பாயின் முகம் தொப்பி நிழலில் மறைந்திருந்தது.

முகத்தைப் பெரிதாக்கினால் வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. ஆனால் வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. அப்பாவுக்கும் அப்படித்தான். எனக்கும்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்தே வைத்தேன். சிப்பாயின் நிறம் கறுப்பாகத் தெரிந்தாலும், அது எங்கள் ஊர்ப்பக்கத்து வேறு சொல்தாவாக இருக்கலாமே என்று என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தேன்.

அம்மா கவனித்துவிட்டாள்.

"இன்னாடா, மூணு நாளா பேயடிச்ச மாரி கீற?"

வேறு வழியில்லாமல் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ஒங்கப்பாதான்," என்றாள்.

"எப்படிமா சொல்ற? மூஞ்சியே தெரியலையே."

"ஆளுங்க கையக் கட்டுனேன்னு அவரே சொன்னாருடா. கல்யாணமான புதுசுல ஒரு வாட்டி. கட்டச் சொன்னாங்க, கட்டுனேன்னாரு."

"அப்புறம் அவங்க இன்னா ஆனாங்களாம்?"

"நா கேக்கல. கேக்க பயமா இருந்துச்சி. அதுக்கப்புறம் அவரு கயித்தயே தொட்டதில்ல. மாட்டக் கட்றது, அவுக்கறது எல்லாம் நாந்தான பாத்தேன்? ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். சோம்பல் என்று நினைத்திருந்தேன்.

"ஒம் பொண்ணுகிட்ட சொல்லிப்புடாத," என்று கைப்பேசியைத் திருப்பித் தந்தாள்.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு சென்னையிலிருக்கும் மகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். தாத்தாவைப் பற்றி என்ன சொல்வாளோ என்று காத்திருந்தேன்.

அவள் கேட்டாள்: "அந்த ஆறு பேரு யாருப்பா?"

இத்தனை நாளும் நான் சிப்பாயை மட்டும்தான் பெரிதாக்கிப் பார்த்திருந்தேன். அழைப்பை முடித்துவிட்டுப் படத்தைத் திறந்து, ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கி நகர்த்திப் பார்த்தேன். கடைசியில் இருந்தது ஒரு பெண். நேராகப் படம் எடுத்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.