முப்பத்தொன்றாம் நம்பர்

என் ஆராய்ச்சிக் கட்டுரைகளின் பட்டியலை யாராவது மேடையில் வாசித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதல் கட்டுரையைச் சொல்லி, இன்றைக்கும் உலகம் முழுக்க இதை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பார்கள். கூட்டம் கைதட்டும். அந்தக் கட்டுரையின் அட்டவணையில் முப்பத்தொன்றாவது வரி ஒரு பெண். அவள் வாங்கிய அடியில் பாதிக்கு நான் பொறுப்பு.

எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தேன். கிளியனூரைச் சுற்றியிருந்த ஊர்ப் பெண்களுக்குத் தைராய்டு ஹார்மோன் எவ்வளவு சுரக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. திண்டிவனத்தில் பஸ் மாறிப் போய் ரத்தம் எடுப்பேன். ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து மெட்ராசுக்கு அனுப்புவோம். பெயர் எழுதக்கூடாது, நம்பர் மட்டும்தான்.

முப்பத்தொன்றாம் நம்பர் மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தவள். முகம் ஊதியிருந்தது, குரல் தடித்திருந்தது, பேசும்போதே கண் சொருகியது. ஊசி குத்த இரண்டு கையிலும் இடமில்லை. முழங்கைக்கு மேலும் கீழும் கன்றிப்போய்க் கிடந்தது. கடைசியில் இடது புறங்கையில் குத்தினேன். யார் அடித்தது என்று கேட்டேன். வீட்டுக்காரர்தான், கட்டட வேலைக்குப் போகிறவர், திரும்பி வரும்போது தான் தூங்கிக்கொண்டிருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார் என்று யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள். நோட்டில் 'கன்றல்' என்று எழுதிக்கொண்டு அடுத்தவளைக் கூப்பிட்டேன்.

ஆடியில் ரிசல்ட் வந்தது. அவளுக்கு ஹார்மோன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. தினம் மாத்திரை போட்டால் போதும், அந்தத் தூக்கமும் வீக்கமும் போய்விடும். ஊருக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரட்டுமா என்று என் பேராசிரியரைக் கேட்டேன். கையிலிருந்த ஃபைலை மேஜையில் அறைந்தார்.

"பேப்பர் அச்சுல வர்ற வரைக்கும் ஒரு ரிசல்ட் வெளிய போகக்கூடாது. போச்சுன்னா உன் பேரு அதுல இருக்காது."

வாயைத் திறக்காமல் இருந்தால் என் பெயரையே முதலில் போடுவதாகவும் சொன்னார். என்னைப் போன்ற ஜூனியர் பெயர் முதலில் வருவது அப்போது நடக்காத காரியம். யாரும் என் வாயைத் தைக்கவில்லை. நானேதான் மூடிக்கொண்டேன்.

மாசியில் கட்டுரை அச்சானது. சித்திரையில் கார்டுகள் வர ஆரம்பித்தன. கட்டுரையின் பிரதி கேட்டு வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதும் தபால் கார்டுகள். எத்தனை கார்டு வருகிறதோ அத்தனை மதிப்பு, அன்றைக்கு அதுதான் அளவுகோல். தபால்காரர் கையிலிருந்தே பிடுங்கிப் படித்தேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வரிசையாக அடுக்கினேன். இனிமேல் அவளிடம் சொல்லத் தடையில்லை. பதில்களை எழுதி முடித்துவிட்டுப் போகலாம் என்று நாளைத் தள்ளினேன்.

அவளே வந்துவிட்டாள். ஒரு முற்பகலில், அவசரப் பிரிவில் ரத்தம் எடுக்க வரச்சொல்லி ஆள் வந்தது. பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு போனேன். உலக்கையால் அடித்திருந்தான். வலது கை ஒடிந்து, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. கிடத்திக் கொண்டுவந்த பாயெல்லாம் ரத்தம். எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவள்தான் இடது புறங்கையை நீட்டினாள்.

"இங்க குத்துங்க மேடம். இங்கதான் கெடைக்கும்."

புருஷன் கதவோரம் நின்றிருந்தான். இது தூங்குமூஞ்சித்தனம் இல்லை, நோய், மாத்திரையில் சரியாகிற நோய் என்று கத்தினேன். அவன் நிதானமாகக் கேட்டான்.

"எந்நேரமும் படுத்துக்கினே இருந்தா. சீக்குன்னு யாருங்க சொன்னாங்க? சொல்லியிருந்தா நான் ஏன் அடிக்கப்போறேன்?"

பிளாஸ்கால் அவன் நெற்றியில் ஓங்கி அடித்தேன். உள்ளே கண்ணாடி நொறுங்கியது, அவன் புருவம் பிளந்தது. மறுபடி ஓங்குவதற்குள் வார்டு ஆள் என்னைப் பிடித்துக்கொண்டார். சொல்லியிருந்தாலும் அவன் அடித்திருப்பான் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் சொல்லாமல் இருந்தவள் நான், அதனால்தான் அடித்தேன்.

கட்டுப் போட்ட பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நோயைப் பற்றி எல்லாம் சொன்னேன். கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டாள்.

"எப்ப தெரிஞ்சிதுங்க உங்களுக்கு?"

"ஆடியில."

அவள் இடது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுவைத் தொட்டுத் தொட்டு மாதங்களை எண்ணியது.

"கார்த்தி மாசத்துல பல்லு போச்சு. தையில வயித்துல மெதிச்சாரு, அப்ப எனக்கு ரெண்டு மாசம். இப்ப கையி."

மாத்திரையை நீட்டினேன். வாயை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். என் கையிலிருந்து நர்ஸ் அதை வாங்கி நீட்டியதும் வாயைத் திறந்தாள்.