பெரியப்பா பார்க்காத பாதி

என் பெரியப்பா ஒரு சினிமா விமர்சகர். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்த பிறகு அவர் தேடிக்கொண்ட பட்டம் அது. ஒரு மாலைப் பத்திரிகை ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலாம் பக்கத்தில் அவருக்கு ஒரு பத்தி இடம் கொடுத்திருந்தது. முப்பது வருஷத்துக்கு முந்தைய படங்களைப் பற்றித்தான் எழுதுவார். நடித்தவர்கள் முக்கால்வாசிப் பேர் காலமாகிவிட்டதால் யாருக்கும் பயப்படாமல் எழுதினார்.

அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. அதனால் அவர் சொல்லச் சொல்ல எழுதுகிற உத்தியோகம், ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு வந்தது. திரைக்கதை, யதார்த்தம் என்றெல்லாம் எழுதி எழுதி எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஸ்கூலில் எவளாவது ஒரு படத்தை நன்றாக இருந்தது என்று சொன்னால், பிற்பாதி இழுவை என்று ஒரே போடாகப் போடுவேன். பெரியப்பாவை மிஞ்சிய அறிவாளி திருச்சி ஜில்லாவிலேயே கிடையாது என்பது என் தீர்மானம்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, பத்திரிகைக்கு மட்டும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பெரியப்பா எந்தப் படத்தையும் பாதிக்கு மேல் பார்த்தது கிடையாது. அந்தக் காலத்தில் அவருக்குச் சாயங்கால ஷிப்ட். குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்துத் தியேட்டரில் பெரியம்மாவோடு மேட்னிக்குப் போவார். இடைவேளைக்கு விளக்கு எரிந்ததும் எழுந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். பெரியம்மா உட்கார்ந்து மீதியைப் பார்த்துவிட்டு வருவாள். மறுநாள் காலையில் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே பிற்பாதியைச் சொல்வாள்.

அவள் சொன்ன விதம்தான் அவருடைய விமர்சனக் கொள்கை ஆயிற்று. புருஷன் எதிரில் பாட வெட்கப்பட்டு அவள் பாட்டுகளை விட்டுவிடுவாள். பாடல்களையெல்லாம் முதல் பாதியிலேயே தீர்த்துவிடுவது அன்றைய இயக்குநர்களின் பலவீனம் என்று பெரியப்பா எழுதினார். சண்டைக் காட்சி வந்தால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். பிற்பாதியில் அடிதடியைத் தவிர்த்த அக்கால சினிமாவின் கண்ணியத்தை அவர் மெச்சினார். நடுநடுவே ரசம் எடுத்துவர அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள் அல்லவா, அதற்கும் ஒரு கருத்து இருந்தது: முடிவு நெருங்க நெருங்கக் கதை அங்கங்கே நின்றுவிடுகிறது.

ஒரு படத்தின் மேல் மட்டும் அவருக்குத் தீராத ஆத்திரம். கதை இதுதான். ஆற்றில் வெள்ளம். காய்ச்சலில் கிடக்கும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் அக்கரை டாக்டரைத் தேடிப் பரிசலில் போகிறாள். டாக்டர் ஒரு ஊசி போடுகிறார், குழந்தை வீல் என்று அழுகிறது, வணக்கம். இந்த முடிவைப் பெரியப்பாவால் தாங்கவே முடியவில்லை. அது வரைக்கும் யதார்த்தமாகப் போன படத்தை ஒரு ஊசியில் கெடுத்துவிட்டார்கள் என்பார். எந்தப் படத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் கடைசியில் இந்தக் குழந்தையிடம் வந்து நிற்பார். "வெள்ளத்தில் பிழைக்காத யதார்த்தம்" என்று ஒரு முறை தலைப்பே கொடுத்தார். அவர் சொல்வதைக் கேட்டபடி பெரியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

அப்படியே போயிருந்தால் வம்பில்லை. எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பத்திரிகைக்குக் கடிதம் போட்டார். அந்தப் படத்தில் குழந்தை பரிசலிலேயே இறந்துவிடுகிறது, டாக்டர் என்று ஒருத்தரே படத்தில் இல்லை, உங்கள் விமர்சகர் படத்தைப் பார்த்தாரா என்று கேட்டிருந்தார். பத்திரிகையிலிருந்து பெரியப்பாவுக்குப் போன் வந்தது. அடுத்த வாரமே பதில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தைச் சமையல் குறிப்புக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள்.

பெரியப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பத்தி வந்த பிறகுதான் வடக்கு வாசல் காய்கறிக் கடைக்காரர்கூட அவரை "சார்" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். எனக்கோ வாத்தியார்மேல் கொலைவெறி. அவருக்கு வயதாகிப் படங்கள் கலந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். அப்பாவை நச்சரித்து மன்னார்புரத்தில் ஒரு சிடி கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், தூசி தட்டி அந்தப் படத்தைக் கண்டுபிடித்து வாங்கிவந்தேன். வீட்டில் போட்டுப் பார்த்து, வாத்தியார் மூக்கை உடைத்துவிட வேண்டியதுதான். சிடியைப் பார்த்ததும் பெரியம்மா, இப்ப எதுக்கும்மா இதெல்லாம் என்றாள். நான் கேட்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். முதல் பாதி முழுக்கப் பெரியப்பா வசனங்களை முந்திக்கொண்டு சொல்லிவந்தார். 'இடைவேளை' என்று எழுத்து வந்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். அப்பா சிரித்துக்கொண்டே அவரைப் பிடித்து உட்காரவைத்தார்.

பிற்பாதியில் நாலு பாட்டு இருந்தது. இரண்டு சண்டை இருந்தது, அதில் ஒன்று அரிவாள் சண்டை. ஒவ்வொன்றுக்கும் பெரியப்பா திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெள்ளம் வந்தது, பரிசல் வந்தது. நடு ஆற்றிலேயே குழந்தை போய்விட்டது. அதற்கப்புறமும் அந்தத் தாய் அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் போய்க்கொண்டே இருந்தாள். கரை வருவதற்குள் படம் முடிந்துவிட்டது.

"என்ன அண்ணி, டாக்டரை எங்கேருந்து புடிச்சீங்க?" என்று அப்பா சிரிக்க ஆரம்பித்தார். அம்மா அவர் தொடையில் கிள்ளினாள்.

பெரியப்பா சிரிக்கவில்லை. பெரியம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"நீ இத முழுசா பாத்தியா?"

"பாத்தேங்க."

"தனியாவா?"

"நீங்கதான் ஷிப்டுக்குப் போயிட்டீங்களே" என்று சொல்லிவிட்டு அவள் காபி போடப் போனாள்.

எனக்குப் பெரியப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் தப்பிக்க வழி இருந்தது. ஞாபகப் பிசகு, வாசகர்கள் மன்னிக்கவும் என்று இரண்டு வரி எழுதிவிட்டால் பத்தி பிழைத்துவிடும். போனில் அவர்களே அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். மறுநாள் சாயங்காலம் நான் நோட்டோடு மாடிக்குப் போனேன். பெரியப்பா வழக்கம்போல நடந்துகொண்டே சொல்லாமல், உட்கார்ந்து சொன்னார்.

"இந்தப் படத்தின் முடிவை நான் பலமுறை கேலி செய்திருக்கிறேன். அது தவறு. அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. பிழைத்ததுதான் நியாயம். இதற்கு மேல் இந்தப் படத்தைப் பற்றி எழுதுவதற்கில்லை."

நான் பேனாவைத் தூக்கிவிட்டேன். "செத்துப் போச்சே பெரியப்பா. நேத்து நாமதானே பாத்தோம்?"

"எழுதும்மா" என்றார்.

எழுதினேன். பேப்பர் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதினேன். பத்திரிகைக்காரர்கள் அதை அப்படியே போட்டார்கள். வாத்தியார் இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினாராம். அதற்கடுத்த ஞாயிறு நாலாம் பக்கத்தில் கத்தரிக்காய் கொத்சு செய்முறை வந்தது. பெரியப்பா அதைக் கடைசி வரைக்கும் படித்துவிட்டு, தாளிக்கிற இடம் வரைக்கும் நன்றாகப் போகிறது, அதற்கப்புறம் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று அபிப்பிராயம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் எதையும் விமர்சிக்கவில்லை. காய்கறிக் கடைக்காரர் மட்டும் "சார்" என்பதை நிறுத்தவில்லை.

எனக்குக் கல்யாணமாகி, முதல் பிரசவத்துக்கு வந்திருந்தபோதுதான் அம்மா ஏதோ பேச்சில் சொன்னாள். பொன்மலை குவார்ட்டர்ஸில் பெரியம்மாவுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து, பதினோரு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டதாம். பிறகு அவள் ஆறேழு மாதம் வாசல்படி தாண்டவில்லை. அவளைக் கெஞ்சிக் கூத்தாடி, மனசு கொஞ்சம் மாறட்டும் என்று பெரியப்பா முதல்முதலாக வெளியே கூட்டிக்கொண்டு போனது அந்தப் படத்துக்குத்தான். கதை என்ன என்று அவருக்குத் தெரியாது. இடைவேளையில் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். குழந்தை பிழைத்துக்கொண்டது என்று மறுநாள் காலையில் அவள் சொன்னபோது, நல்லவேளை என்று சந்தோஷப்பட்டாராம். கோபமெல்லாம் பல வருஷம் கழித்து, விமர்சகரான பிறகு வந்தது.

இதெல்லாம் தெரியாமல், கொத்சு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் விறுவிறு என்று மாடி ஏறிப் போய்ப் பெரியம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். உங்களால்தான் பெரியப்பாவின் பத்தி போயிற்று என்றேன். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லத் தெரியாதா என்று கேட்டேன். அவள் என்னைப் பிடித்து உட்காரவைத்து, கலைந்திருந்த என் தலையை அவிழ்த்துப் பின்ன ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியலியேம்மா" என்றாள்.

அவள் மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்து, போனால் போகிறது என்று நானும் மன்னித்துவிட்டேன்.