என் பேச்சைக் கேட்காத முத்துலெச்சுமி

தலவாக்கலையில் ஹட்டன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது மகன் தொலைபேசியில் அழைத்தான். “மேல் லயத்து முத்துலெச்சுமி அக்கா போயிட்டாங்கப்பா. வேலைக்குப் பொறப்படுறப்ப நெஞ்சு வலின்னாங்களாம்” என்றான். எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது பழைய கோபம்தான்.

தண்ணீர்க் குழுவினர் நினைவு மலருக்கு எழுதும்படி கேட்டபோது முடியாது என்றேன். அவரை அதிகம் எதிர்த்தவனே நான்தான் என்றேன். நடந்ததை எழுதினால் போதும் என்றார்கள். எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். முத்துலெச்சுமி எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கணவரை இழந்தவர். அவருக்கு ஒரே மகள். சிறுவயதில் நுவரெலியாவில் ஒரு சிங்கள வீட்டில் வேலைக்கு நின்றதால் சிங்களம் நன்றாகப் பேசுவார். நான் அப்போது தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவன். என்னைக் கண்டு எழுந்து நிற்காத ஒரே ஆள் அவர்.

மலையுச்சி ஊற்றிலிருந்துதான் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான எங்கள் லயங்களுக்கும், கீழேயுள்ள சிங்களக் கிராமத்துக்கும் குடிதண்ணீர் வருகிறது. ஒரு வறட்சியில் இரண்டு பக்கமும் குழாய் வற்றியது. கிராமத்தார் குழாயை வெட்டுகிறார்கள் என்று நாங்கள் சொன்னோம். நாங்கள் அடைக்கிறோம் என்று அவர்கள் சொன்னார்கள். ஒரு காலை பெண்கள் குடங்களாலேயே அடித்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் ஒருவருக்கு மண்டை உடைந்தது. அன்று மாலை கோயில் முன்றலில் கூட்டம் போட்டு, இனிக் குழாயைத் தொடுகிறவன் கை இருக்காது என்று பேசினேன். கைதட்டினார்கள். முத்துலெச்சுமி மட்டும் எழுந்தார்.

“தலைவரே, குழாய வெட்டுனத நீங்க பாத்தீங்களா?”

அவரை உட்காரச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தனியே கிராமத்துக்கு இறங்கிப் போனார். லீக்ஸ் என்ற காய்கறி பயிரிடும் சோமபால என்பவரின் வீட்டுக்குத்தான் போனார்; அவர் மனைவியும் அந்தச் சண்டையில் அடிபட்டவர். சோமபால முதலில் வேலிப் படலையைத் திறக்கவில்லை. தூறலில் வேலிக்கு வெளியே நின்றே முத்துலெச்சுமி பேசியிருக்கிறார். கடைசியில் இரண்டு பக்கத்து ஆட்களும் குழாய் வழியே மலையேறிப் பார்த்தார்கள். எங்கும் வெட்டு இல்லை. ஊற்றுத் தொட்டிக்குப் பின்னால், பன்னை எனும் பெரணிச் செடிகளுக்கு அடியில், புதிய தடித்த குழாயொன்று உல்லாசப் பயணிகள் விடுதியாக மாற்றிய பழைய பங்களாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் குழாய் எனக்கு முன்பே தெரியும். என் மகனுக்கு அந்தப் பங்களாவில் வேலை கொடுத்திருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

முத்துலெச்சுமியும் சோமபாலவும் பிரதேச சபைக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே மனு எழுதி, இரண்டு ஊரிலும் கையெழுத்து வாங்கினார்கள். நான் லயம் லயமாகப் போய்க் கையெழுத்துப் போடாதே என்றேன். அவர் கிராமத்தாருக்கு விலைபோனவர் என்றும் சொன்னேன். கொழுந்து பறிக்கும் மலையில் பெண்கள் அவருடன் பேசாமல் விலகினார்கள். நான் ஏறி இறங்கிய வாசல்களுக்கெல்லாம் அவர் மறுநாள் போனார். கடைசியாக என் வாசலுக்கும் வந்தார்.

“நீங்களும் இந்தத் தண்ணியத்தானே குடிக்கிறீங்க. போடுங்க கையெழுத்த.”

கதவைச் சாத்தினேன்.

பிரதேச சபை கூடிய நாளில் இரண்டு ஊர் மக்களும் பார்வையாளர் பகுதியை நிறைத்திருந்தார்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று உறுப்பினர் ஒருவர் ஆரம்பித்தாராம். முத்துலெச்சுமி எழுந்து கிராமத்தின் காய்ந்த பாத்திகளைப் பற்றிச் சிங்களத்தில் பேசினார். சோமபால எங்கள் லயத்துப் பிள்ளைகளைப் பற்றித் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் பேசினார். எங்களைப் பிரித்து வைத்தே வாக்கு வாங்கிய இரண்டு கட்சிக்காரரும் அன்றே அதிகாரிகளை அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். பங்களாக் குழாய் கழற்றப்பட்டது. லயத்தில் ஐவரும் கிராமத்தில் ஐவருமாகத் தண்ணீர்க் குழு அமைந்தது. பின்னர் மண் சரிந்த பாதையைக் கேட்டுச் சீரமைக்க வைத்ததும் அதே குழுதான். வாக்குக் கேட்டு வருகிறவர்களை இன்று எங்கள் மக்கள் முதலில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார்கள்.

என்னையும் கேட்டார்கள். சங்கத் தேர்தலில் தோற்றேன். பிறகு குழாய் திருத்த ஆள் தேடியபோது, குழுக் கூட்டத்தில் முத்துலெச்சுமி என் பெயரைச் சொன்னார்.

“அவரப் போடுங்க. எந்தக் குழாய் எங்க போகுதுன்னு அவருக்குத்தான் மொதல்லயே தெரியும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அன்று அவரை வெறுத்தேன். ஆனால் வேலையை ஏற்றுக்கொண்டேன். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

அடக்கத்தன்று சங்கக் கொடியை எடுத்துப் போனேன். பெட்டிமேல் போர்த்தக் குனிந்தபோது அவருடைய மகள் என் கையைப் பிடித்தார். “வேணாங்க. அம்மா இருந்தா விட்டிருக்க மாட்டாங்க” என்றார். கொடியை மடித்துக்கொண்டு விலகினேன். பெட்டியை லயத்தார் நால்வர் தூக்கினார்கள். சறுக்கலான இறக்கத்தில் அவர்கள் தடுமாறியபோது, கீழே காத்திருந்த சோமபாலவும் கிராமத்தாரும் சேற்றில் ஏறிவந்து தோள் கொடுத்தார்கள். ஒரு தோள் குறைந்தது. சோமபால என்னைப் பார்த்தார். கொடியை வேலியில் வைத்துவிட்டு நானும் போய் நின்றேன்.

முத்துலெச்சுமி, உங்களை எனக்குப் பிடித்ததில்லை. நீங்கள் சொன்னது சரி. போய் வாருங்கள்.