திருப்பிப் போடு

ஐரோப்பாவில் முதல் யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம். நான் பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத் தமிழாசிரியன். சாயங்காலமானால் பள்ளிக்குத் தெரியாமல் ஆற்றங்கரைக்குப் போய்விடுவேன். அங்கே கூடாரம் அடித்திருந்த பயாஸ்கோப்பில், திரைக்குப் பக்கத்தில் நின்று படத்துக்குக் குரல் கொடுப்பது என் வேலை. அன்றைக்குப் படம் பேசாது. அந்த வெள்ளைக்காரி ஏன் அழுகிறாள், தொப்பிக்காரன் எங்கே ஓடுகிறான் என்று ஒருவர் உரக்கச் சொன்னால்தான் ஜனங்களுக்கு விளங்கும். அவள் அழுகிற இடத்திலும் கூட்டத்தைச் சிரிக்க வைக்க எனக்குத் தெரியும். இருட்டில் நூற்றுக்கணக்கான பேர் என் ஒரு சொல்லுக்குச் சிரிப்பதில் ஒரு போதை இருந்தது.

படம் காட்டியவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கத்தோலிக்கர். கொழும்பில் தொழில் படித்தவர். அவரிடம் இருந்தது ஒரே பெட்டிதான். பகலில் அது படம் பிடிக்கும். பின்னால் விளக்கை வைத்தால் அதுவே படம் காட்டும். விடுமுறை நாட்களில் மத்தியானம் மருத மரத்தடியில் உட்கார்ந்து அறுந்த பிலிமை ஒட்டிக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் கிடந்து கேள்வி கேட்பேன். இலைகளின் ஊடாக விழும் வெயில் பிலிமில் பட்டு அவர் வேட்டியில் பழுப்பு நிறமாக ஆடும். ஆற்றுச் சத்தம் கேட்டபடியே இருக்கும். பாதிப் பேச்சு தூக்கத்தில் கேட்டதுபோலத்தான் நினைவிருக்கிறது.

"எப்படி வே ஒரே சீராச் சுத்துதீரு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மனசுக்குள்ள தோணி வலிப்பேன் ஸார்வாள். துடுப்பு ஒரு வலி, கைப்பிடி ஒரு சுத்து. வெரசாச் சுத்துனா நடக்கவன் ஓடுதான். பையச் சுத்துனா தண்ணிக்குள்ள நடக்க மாதிரி நடக்கான்."

"இன்னும் பையச் சுத்துனா?"

"விளக்குச் சூட்டுல பிலிம் கருகிப் போவும். பொறவு நீரு எதைப் பாத்துக் கதை விடுவீரு?"

அந்தக் கைப்பிடியைப் பின்புறமாகவும் சுற்றலாம். அப்படிச் சுற்றினால், குதித்தவன் தண்ணீரிலிருந்து எழும்பிக் கரைக்கு வருவான். கூட்டத்துக்கு அது ஒரு பைத்தியம். எங்களுக்குள் அதற்கு "திருப்பிப் போடு" என்று குறிப்பு வைத்திருந்தோம். நான் திரைப்பக்கமிருந்து அதைச் சொன்னால் அவர் கை பின்னால் சுற்றும்.

ஒரு கோடையில் அவரும் நானும் ரயிலேறிக் கல்லிடைக்குறிச்சிக்குப் போனோம். படித்துறையைப் படம் பிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஜனங்களிடம் நான்தான் சொன்னேன், போட்டோ பிடிக்கிறோம் என்று. அதுதான் தப்பாயிற்று. போட்டோவுக்கு அசையக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். குளித்துக்கொண்டிருந்தவர்கள் இடுப்பளவு தண்ணீரில் விறைத்து நின்றார்கள். வேட்டி பிழிந்தவர் பிழிந்த கையோடு நின்றார். "அசையுங்க அண்ணாச்சி, அசையுங்க!" என்று கத்தினேன். "அசைஞ்சா மூஞ்சி அழிஞ்சு போவும்லா, எங்களுக்குத் தெரியாதாக்கும்!" என்று உதடு அசையாமல் பதில் வந்தது.

இது எதையும் கேளாத ஒரு பெண் மட்டும் குடத்தை முக்கி எடுத்து, இடுப்பில் வைத்து, எங்களுக்கு முதுகு காட்டிப் படியேறினாள். மேல்படியில் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். சிலைகள் நிறைந்த ஆற்றில் நடமாடியது அவள் ஒருத்திதான். அவர் கை நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

பிலிம் கழுவப் பம்பாய்க்குப் போய், மழைக்காலம் கழிந்து மாசியில்தான் திரைக்கு வந்தது. முதல்நாள் காட்டியபோது கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து நின்றதைப் பார்த்தேன். மறுநாளும் வந்தார். கல்லிடைக்குறிச்சியில் கருப்பட்டி வியாபாரம் செய்கிறவர். அந்தப் பெண் அவர் மனைவி. கார்த்திகையில் வாந்திபேதியில் போய்விட்டாள். வீட்டில் அவள் படம் ஒன்றுகூடக் கிடையாது. இதையெல்லாம் மரத்தடியில் படக்காரர் எனக்குச் சொன்னார். பின்னால் நான் செய்ததை அறியாமல் செய்தேன் என்று சொல்வதற்கு வழியில்லாதபடி முழுவதும் சொன்னார்.

"நாளையோட இங்கன முடியுது ஸார்வாள். கூடாரம் மதுரைக்குப் போவுது. கடைசியா ஒருக்கா அவளைப் பாக்கணும்னு அண்ணாச்சி கேட்டிருக்காரு. அந்த இடம் வரும்போது நீரு ஒண்ணும் பேசாதேயும். நான் கொஞ்சம் பையச் சுத்துதேன்."

சரி என்றேன்.

கடைசி நாள் கூடாரம் பிதுங்கியது. படித்துறை வந்தது. விறைத்து நின்றவர்களைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது, நானும் இரண்டு சொல் போட்டுச் சிரிப்பை வளர்த்தேன். பிறகு அவள் வந்தாள். சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன். கைப்பிடியின் கிரீச்சொலி தணிந்தது. அவள் ஒவ்வொரு படியாக, கனவில் ஏறுவதுபோல ஏறினாள். கூடாரமே மூச்சுவிடவில்லை. மேல்படியில் திரும்பிப் பார்த்தாள். போனாள்.

கடைசி வரிசையிலிருந்து கருப்பட்டி வியாபாரியின் குரல் வந்தது: "ஐயா, திருப்பிப் போடுங்க."

மறுபடி ஒருமுறை காட்டுங்கள் என்பது பொருள். நெல்லைச் சீமையில் யாருக்கும் அதற்கு வேறு பொருள் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் வேறு பொருள் உண்டு. "இன்னொருக்கா போடும்" என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை. அது நான் உண்டாக்கியதல்ல. பெட்டியைப் பார்த்து உரக்கச் சொன்னேன்: "திருப்பிப் போடு!"

குறிப்புக்குப் பழகிய கை, யோசிக்காமல் பின்னால் சுற்றியது. அவள் மேல்படிக்கு வந்து, பார்த்து, முதுகு காட்டியபடியே பின்னோக்கி இறங்கலானாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "புருசன் வீடு கசக்குது பாருங்க! ஆத்துக்கே திரும்பிப் போறா!" என்று நான் சொன்னேன். "போ தாயி, போ!" என்று ஒருவன் விசிலடித்தான்.

அப்போதுதான் படக்காரருக்கு உறைத்திருக்க வேண்டும். அவர் கை நின்றது. நடுப்படியில் அவள் நின்றாள். அவள் முதுகில் ஒரு பழுப்புப் பொட்டு தோன்றிப் பூப்போல விரிந்து, உள்ளே வெளிச்சம் மட்டும் ஆனது. கருகின வாடை வந்தது. பிலிமைப் பிய்த்துக் காலால் மிதித்து அணைத்தார்.

அன்றிரவு அவர் தனியாகவே பெட்டியைக் கட்டினார். மறுநாள் கூடாரம் பிரிக்கிற இடத்துக்கு நான் போனபோது, மரத்தடியில் கருப்பட்டி வியாபாரி உட்கார்ந்திருந்தார். கருகாமல் தப்பிய துண்டில் விரற்கடை அளவு வெட்டி அவர் கையில் கொடுத்திருந்தார் படக்காரர். வியாபாரி அதை வெயிலுக்கு நேரே தூக்கித் தூக்கிப் பார்த்தார். என்னைக் கண்டதும் எழுந்தே நின்றார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"வாங்க ஸார்வாள். நேத்து ரெண்டு விதமாவும் பாத்துட்டேன், இப்ப மனசு குழம்புது. நீங்க படிச்சவுக, பாத்துச் சொல்லுங்க. இதுல அவ ஏறுதாளா, எறங்குதாளா?"

நகத்தளவு கட்டத்துக்குள் ஒரு முதுகு, ஒரு குடம், ஒரு படி. எந்தப் பக்கம் சுற்றினாலும் அந்தக் கட்டம் அதுவேதான். படக்காரர் தலை நிமிராமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நேற்றுச் செய்ததற்கு மன்னியுங்கள் என்று சொல்ல எனக்குக் கிடைத்த இடம் அதுதான். நான் துண்டை வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஆசிரியன் குரலில் விளக்கம் சொன்னேன்:

"ஏறுதா அண்ணாச்சி."

"அப்ப வீட்டுக்குத்தான் வாரா" என்று சொல்லி அதை மடியில் முடிந்துகொண்டு, ரயிலுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிப் போனார்.